கட்டியாச்சா?

“பேனரைக் கட்ட உனக்கு ஊர்ல வேற இடமே கிடைக்கலையா?”

“என் கடை, என் பேனர். எங்க வேணா கட்டுவேன். அதைக் கேக்க நீ யாருடி?”

“இந்த மொட்டை மாடியில நான்தான் கேப்பேன். அதான் என் வேலை.”

“உன்னைத் தூக்கி வளத்தவ நான்!”

“வளத்த. இல்லைன்னு சொன்னேனா? ஆனா இந்தக் கொக்கியை நீ வளக்கலையே.”

ஐந்து மாடிக் கட்டடத்தின் உச்சியில் நடந்த இந்தச் சண்டை கீழே மருந்துக்கடை வாசல்வரை கேட்டது. கேட்காமல் போயிருந்தாலும் நஷ்டமில்லை. சண்டை போட்டவர்களில் மூத்தவள் படியிறங்கி வந்து, மாடிக்கு மாடி நின்று, தன் பக்கத்து நியாயத்தை விளக்கிவிட்டுத்தான் மூச்சு விடுவாள். மேல்மாடியில் தையல்கடை வைத்திருப்பவள் அவள். கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிட வயதில் மூத்த பல் டாக்டர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். அப்படிக் கூப்பிடாதவர்கள் தைக்கக் கொடுத்த சட்டையில் பொத்தான்கள் நிலைப்பதில்லை என்று ஒரு பேச்சு உண்டு.

இளையவள் அவளுடைய சொந்தத் தங்கை. முப்பதைத் தாண்டியவள், கல்யாணத்தைத் தாண்டாதவள். உயரமான கட்டடங்களின் மொட்டை மாடி ஓரத்தில் இரும்பு வளையங்கள் பதித்திருப்பார்கள். கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைப்பவர்களும் பெயின்ட் அடிப்பவர்களும் தங்கள் உயிரை அதில்தான் மாட்டிவிட்டுக் கீழே இறங்குவார்கள். தொழிலில் அதற்கு ஆங்கர் என்று பெயர். தெருவுக்கு அது கொக்கி. அந்தக் கொக்கிகள் ஆளைத் தாங்குமா என்று வருடத்துக்கு ஒருமுறை இழுத்துப் பார்ப்பது தங்கையின் வேலை. மூன்று கால் வைத்த ஒரு இயந்திரத்தைக் கொக்கியின் மேல் நிறுத்தி, பிடியை மெல்ல மெல்ல அடிப்பாள். முள் ஏறும். ஏறிய இடத்தில் நிறுத்தி, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். முள் நின்றால் பச்சை அட்டை. இறங்கினாலோ, கொக்கி மயிரிழை அசைந்தாலோ சிவப்பு அட்டை. தெருவில் அவளுக்கு ‘இழுப்பு’ என்று பட்டப்பெயர். அவள் காதுபடவே சொல்வார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

இன்றைக்கு முன்பக்க மூலைக் கொக்கியில் முள் பாதிகூட ஏறவில்லை. அடிப்பாகத்தைச் சுற்றி சிமென்ட்டில் வட்டமாக ஒரு விரிசல். காரணம், அந்தக் கொக்கியில் மாதக்கணக்காகக் கட்டித் தொங்கவிட்டிருந்த அக்காவின் பேனர். ‘அவசரத் தையல் இங்கே’ என்ற எழுத்தும், அதைவிடப் பெரிதாக அக்காவின் சிரித்த முகமும் அதில் இருந்தன.

“ஒரு துணி தொங்கினதுக்கா இரும்பு ஆடிப்போச்சு?” என்று அக்கா கேட்டாள்.

“துணி இல்லக்கா, காத்து. ராத்திரி பகலா உன் மூஞ்சி காத்துல படபடன்னு அடிச்சு அடிச்சு இதை உலுக்கியிருக்கு.”

“அப்போ போய்க் காத்தைக் கேளு. என் மூஞ்சியை ஏன் இழுக்கிற?”

“இதை நம்பி இன்னைக்கு ஒரு ஆள் இறங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்?”

அந்த ஆள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கண்ணாடிக்காரர். இந்த வட்டாரத்துக் கட்டடங்களின் கண்ணாடிகளையெல்லாம் கயிற்றில் தொங்கித் துடைப்பவர். கொக்கிகளைச் சோதிக்கும் நாட்களில் தங்கைக்குத் துணை ஆளும் அவர்தான். ‘என்ன ஆயிருக்கும்’ என்ற கேள்விக்கு உரிய பதில் தான்தான் என்பதுபோல அவர் அடக்கமாக வானத்தைப் பார்த்தார்.

தங்கை சிவப்பு அட்டையை மாட்டினாள். பேனரின் கயிற்றை அறுத்தாள். அக்காவின் முகம் சுருண்டு தரையில் விழுந்தது.

“நாளைக்கு என் மாமியார் வர்றாங்கடி! கடை வாசல்ல ஒரு பேனர்கூட இல்லாம என்னை அசிங்கப்படுத்தணும்னே செய்றியா?”

“உன் மாமியார் பேனரைப் பாக்கவா வர்றாங்க?”

பார்க்க வருவது பேனரை அல்ல, பேச வருவது தங்கையைப் பற்றி. அக்காவுக்கு ஒரு கொழுந்தன் இருக்கிறான். கைப்பேசி ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். நல்ல பையன், ஸ்டூலில் ஏறினாலே தலை சுற்றும் என்பது ஒன்றுதான் குறை. அவனுக்குத் தங்கையைக் கட்டிவைப்பது என்று அக்கா தீர்மானித்து, மாமியாரிடம் வாக்கும் கொடுத்துவிட்டாள். மாமியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கல்யாணத்துக்குப் பிறகு பெண் மொட்டை மாடி ஏறக் கூடாது. கொழுந்தனின் கடையில் கல்லாவில் உட்கார வேண்டும். அதற்கும் அக்கா சரி என்று சொல்லியாகிவிட்டது.

தங்கையிடம் கேட்டாளா என்றால், கேட்டாள். தங்கை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, “உன்னைக் கொழுந்தனுக்குப் பேசியிருக்கேன், சரிதானே?” என்றாள். தங்கை வாய் நிறையச் சோற்றோடு தலையை ஆட்டினாள். அது மேலும் கீழுமா, பக்கவாட்டிலா என்பதை அக்கா கவனிக்கவில்லை. அவளுக்கு ஆட்டியதே போதுமானதாக இருந்தது. தாய் போன பிறகு தன்னைத் தோளில் போட்டு வளர்த்தவளிடம் தங்கை எதற்கும் இல்லை என்று சொன்னதில்லை. கொக்கி விஷயத்தில் மட்டும்தான் அவளுக்கு நாக்கு நீளும்.

அக்கா பொருமிக்கொண்டே கீழே இறங்கினாள். கடையில் அவள் புருஷன் காஜா போட்டுக்கொண்டிருந்தார். அவர் பேசும் பாஷையில் இருக்கிற ஒரே சொல் ‘உம்’. அதை ஆமாம் என்றோ, இல்லை என்றோ, அப்படியா என்றோ அக்கா தன் வசதிக்கு எடுத்துக்கொள்வாள். இருபது வருடக் குடும்பம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

“பாத்தீங்களா உங்க மச்சினி செஞ்சதை?”

“உம்.”

“அதான் நானும் சொல்றேன்!”

இங்கே ஒரு குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன மாதம்தான் கடையில் புதிதாக நீராவி இஸ்திரி வந்தது. ஆவி வெளியே போவதற்காக இஸ்திரி மேசைக்கு மேலே ஒரு குழாய் வைத்து, கூரையைத் துளைத்து, மொட்டை மாடியில் முன்பக்க மூலைக்கு அருகே வளைத்துவிட்டிருந்தார்கள். ஆவியை மேலே அனுப்பும் குழாய் பேச்சைக் கீழே அனுப்பும் என்பது அதைப் பொருத்திய ஆளுக்கே தெரியாது. அக்கா இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். மூன்றாம் மாடி ஆபீஸ் பையன்கள் மேலே போய் சிகரெட் பிடித்துக்கொண்டு யாரைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அப்போதிலிருந்து கடையில் இஸ்திரி வேலையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. உழைப்பாளி என்று மருந்துக்கடைக்காரர் பாராட்டினார்.

மேலே தங்கைக்கும் கண்ணாடிக்காரருக்கும் ஒரு விதி உண்டு. விளிம்புக்கு முன்னால் ஒரு மஞ்சள் கோடு. அதைத் தாண்டுகிறவர் இடுப்பு பெல்ட்டை இரண்டு நல்ல கொக்கிகளில், இரண்டு கயிறு போட்டு மாட்டியிருக்க வேண்டும். தாண்டுமுன் அடுத்தவர் கேட்க வேண்டும்: ‘கட்டியாச்சா?’ இவர் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்: ‘கட்டியாச்சு.’ வாயைத் திறந்து சொல்ல வேண்டும். தலையை ஆட்டினால் கணக்கில் வராது. தலையை எதற்கு வேண்டுமானாலும் ஆட்டலாம், கொசுவுக்குக்கூட.

மத்தியானம் அவர்கள் பழுதான கொக்கியைப் பிடுங்கிவிட்டு, புதுத் துளை போட்டு, பசை ஊற்றிப் புதிய கொக்கியை நட்டார்கள். பசை இறுகும்வரை தண்ணீர் படக் கூடாது. வானம் வேறு மூட்டமாக இருந்தது. மூடுவதற்குத் தோதாக என்ன இருக்கிறது என்று கண்ணாடிக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். பேனர் கண்ணில் பட்டது. கத்தரியை எடுத்தார்கள். பிறகு வெட்டிய துண்டைக் கொக்கியின் மேல் போர்த்திக் கட்ட அவர் கோட்டைத் தாண்ட வேண்டியிருந்தது.

கீழே அக்கா ஒரு பள்ளிச் சீருடையின் கழுத்தை இல்லாத சுருக்கத்துக்காகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காது குழாயில் இருந்தது.

“கட்டியாச்சா?” இது தங்கையின் குரல்.

“கட்டியாச்சு.” இது கண்ணாடிக்காரர்.

அக்காவின் கை நின்றது.

“இழுத்துப் பாத்தீங்களா?”

“பாத்தேன். இனிமே விடாது.”

சிறிது நேரம் ஏதோ சரசரப்பு. பிறகு கண்ணாடிக்காரரின் குரல், கொஞ்சம் பயத்தோடு:

“உங்க அக்காவுக்குத் தெரிஞ்சா?”

“கத்துவா. இப்போ சொல்ல வேணாம். நாளைக்கு மெதுவா சொல்லிக்கலாம். ஆனது ஆயிடுச்சு.”

சீருடைக் கழுத்திலிருந்து புகை கிளம்பியது. ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. தங்கை வாட்ச்மேனை அண்ணே என்பாள். லிஃப்ட் ரிப்பேர்காரரை அண்ணே என்பாள். தெருவில் மீசை வைத்த ஒருத்தரையும் விட்டதில்லை. கண்ணாடிக்காரரை மட்டும் அவள் அண்ணே என்று கூப்பிட்டு அக்கா ஒரு நாளும் கேட்டதில்லை. இத்தனை நாள் இது ஏன் தனக்கு உறைக்கவில்லை?

“கட்டிக்கிட்டாங்க!” என்று புருஷனிடம் ஓடினாள். “உங்க மச்சினி, அந்தக் கண்ணாடிக்காரனைக் கட்டிக்கிட்டா! எனக்குத் தெரியாம! மாமியார் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?”

“உம்?”

“என் ரெண்டு காதால கேட்டேன்!”

இந்தச் செய்தியை வெளியே விடக் கூடாது என்று அக்கா உறுதியாக முடிவெடுத்தாள். அந்த முடிவை ஒருவரிடமாவது சொல்லிவைத்தால் நல்லது என்று மருந்துக்கடைக்காரரிடம் போனாள். “யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது” என்று சொல்லிவிட்டு முழுவதையும் சொன்னாள். திரும்பும் வழியில், தரைத்தளத்திலேயே பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் பெண், “ஏன்க்கா முகம் வாடியிருக்கு?” என்று அன்பாகக் கேட்டுவிட்டாள். அன்பாகக் கேட்பவளிடம் எப்படி மறைப்பது? அந்தப் பெண்ணோ விஷயத்தைக் கேட்டதும் ஏனோ ஒரு டோக்கனை முத்தமிடாத குறையாகச் சந்தோஷப்பட்டாள். அக்காவுக்கு அதை ஆராய நேரமில்லை.

மாமியார் ரத்த அழுத்த மாத்திரை வாங்குவது அந்த மருந்துக்கடையில்தான் என்பதும் அவசரத்தில் அவளுக்கு மறந்துவிட்டது.

மறுநாள் காலை மாமியார் வருவதற்குள் தங்கையை நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று அக்கா மொட்டை மாடிக்கு ஏறினாள். தங்கை இயந்திரத்தின் முள்ளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரர் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் மூலையில் அது கண்ணில் பட்டது. புதுக் கொக்கியின் தலையில் முக்காடு போல அவளுடைய முகத்தின் பாதி. ஒரு கண், அரை மூக்கு, பாதிச் சிரிப்பு.

“அடிப்பாவி! என்னை ரெண்டா வெட்டிட்டியா!”

பிடுங்குவதற்காக விளிம்பை நோக்கி விறுவிறு என்று நடந்தாள்.

“அக்கா, நில்லுங்க!” கண்ணாடிக்காரர் அலறினார். அந்த மனிதருக்கு இவ்வளவு சத்தம் வரும் என்று யாருக்கும் தெரியாது. “கட்டியாச்சா?”

அக்கா இடுப்பில் கை வைத்துத் திரும்பினாள். “எனக்குக் கட்டி இருபது வருஷமாச்சு! புருஷன் கீழ காஜா போட்டுக்கிட்டு இருக்காரு! என்னைப் பாத்தா கேக்கிற? உனக்கு எந்நேரமும் அதே நினைப்பா?”

கண்ணாடிக்காரர் விழித்தார். “இடுப்புல கட்டலையேக்கா. கோட்டைத் தாண்டிட்டீங்க.”

அப்போதுதான் அக்கா குனிந்து பார்த்தாள். மஞ்சள் கோடு அவளுக்குப் பின்னால் இருந்தது. முன்னால் முழங்கால் உயரச் சுவர், அதற்கப்பால் ஒன்றுமில்லை. ரொம்பக் கீழே வாட்ச்மேனின் தொப்பி ஒரு பொத்தான் அளவில் தெரிந்தது. அக்காவின் கால் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. கொழுந்தனுக்கு ஸ்டூலில் தலை சுற்றும் என்று தான் சிரித்த சிரிப்பெல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது.

“அசையாத,” என்றாள் தங்கை. குரலில் கோபமில்லை. தன் பெல்ட்டின் கயிறுகளைச் சரிபார்த்துக்கொண்டு கோட்டைத் தாண்டி வந்தாள். கையிலிருந்த இன்னொரு பெல்ட்டை அக்காவின் இடுப்பில் சுற்றினாள். தையல்கடைக்காரிக்கு ஒருத்தி இடுப்பளவு எடுப்பது அன்றுதான் முதல்முறை. க்ளிக், க்ளிக் என்று இரண்டு சத்தம்.

“கட்டியாச்சா?” என்று கேட்டாள் தங்கை.

அக்கா தலையை ஆட்டினாள்.

“தலையாட்டினா கணக்கில்ல. வாயால சொல்லு.”

“கட்டி… கட்டியாச்சு.”

“இழுத்துப் பாத்தியா?”

அக்கா கயிற்றைப் பிடித்து இழுத்தாள். “விடாது போல இருக்கே,” என்றாள். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தையை எங்கே கேட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. மெல்லத் திரும்பி ஆவிக் குழாயின் வளைந்த வாயைப் பார்த்தாள். அதுவும் அவளைப் பார்த்தது.

“நேத்து… நீங்க பேசினது… இதுவா?”

தங்கை அவளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கூட்டிவந்து பெல்ட்டை அவிழ்த்தாள். “காலையில மருந்துக்கடை அண்ணன் எனக்கு வாழ்த்துச் சொன்னாரு. எதுக்குண்ணேன்னு கேட்டேன். விவரமாவே சொன்னாரு.”

“நீ இல்லைன்னு சொல்லலையா?”

“தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தேன். தலையாட்டினேன்.”

அந்த நேரத்தில் கீழேயிருந்து வாட்ச்மேன் குரல் கொடுத்தார். மாமியாரும் கொழுந்தனும் வந்துவிட்டார்கள்.

அக்கா படியிறங்கிய வேகத்தில் யோசித்தாள். உண்மையைச் சொல்லிவிட்டால் போதும், சம்பந்தம் பிழைத்துக்கொள்ளும். ஆனால் ‘தையல்கடை அக்கா குழாயில் காதை வைத்து, கயிறு கட்டியதைக் கல்யாணம் கட்டியதாகக் கேட்டாள்’ என்று இந்தக் கட்டடம் இருக்கும்வரை சிரிப்பார்கள். இடித்துவிட்டு வேறு கட்டினாலும் அதிலும் சிரிப்பார்கள்.

மாமியார் கடையின் நடுவே நாற்காலியில் மாத்திரைப் பையோடு உட்கார்ந்திருந்தார். வாய் வேறு எதற்கும் திறக்கவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தார். பின்னாலேயே இறங்கி வந்த தங்கையைப் பார்த்து, “ஏம்மா, நான் கேள்விப்பட்டது நிஜமா? கட்டியாச்சா?” என்றார்.

“கட்டியாச்சு அத்தை,” என்றாள் தங்கை, பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவுக்குச் சொல்வதுபோல.

“எப்போ?”

“நேத்து மத்தியானம். இன்னைக்குக் காலையிலயும் கட்டினோம்.”

மாமியாரின் வாய் திறந்தபடியே நின்றது. பெல்ட்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்த கண்ணாடிக்காரரை நோக்கித் திரும்பினார். பாவம், அவருக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

“நீதானாப்பா கட்டினது?”

“ஆமாங்கம்மா. நான்தான் கட்டினேன். அவங்க சரிபாத்தாங்க.”

“எத்தனை நாளா நடக்குது இது?”

“அது ஆச்சுங்க, நாலஞ்சு வருஷமா கட்டுறோம். கட்டாம நான் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேங்க. சாயந்திரம் ஆனா அவுத்துடுவோம்.”

காஜா ஊசி தரையில் விழும் சத்தம் கேட்டது. புருஷன் குனிந்து அதைத் தேடினார். வெகுநேரம் தேடினார். தோள்கள் குலுங்கின.

“அவுத்துடுவீங்களா?”

“பின்ன? வீட்டுக்கெல்லாம் கட்டிக்கிட்டே போக முடியுங்களா?”

மாமியார் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். “எனக்கு வாக்குக் கொடுத்தவ நீ. நீ சொல்லு. இவங்க சொல்றது நிஜந்தானா? இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் நம்புறேன்.”

அக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கையின் முகத்தில் குறும்பு அப்படியே இருந்தது. ஆனால் கை பெல்ட்டின் வாரை இறுகப் பிடித்திருந்தது. முள் ஏறி நிற்கையில் இறங்குமா என்று பார்ப்பாளே, அதே பார்வை. இந்தப் பிடிவாதக்காரிக்கு இப்படியொரு பயம் உண்டா என்று அக்காவுக்கு ஆச்சரியமாக இருந்தது. கல்லாவில் உட்கார வைத்தால் இவள் எதை இழுத்துப் பார்ப்பாள்? கல்லாப் பெட்டியையா?

தலையை ஆட்டித் தப்பித்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இந்தக் குடும்பத்தில் தலையாட்டியதெல்லாம் போதும் என்று மறுகணம் தோன்றியது.

“என் ரெண்டு காதாலயும் கேட்டேன் அத்தை,” என்றாள் வாயைத் திறந்து, தெளிவாக. அதில் பொய் ஒரு எழுத்துகூட இல்லை.

மாமியார் எழுந்தார். இந்த வீட்டில் கால் வைக்கமாட்டேன் என்றார். இது வீடில்லை, கடை என்பதைக் கோபத்தில் கவனிக்கவில்லை. கொழுந்தன் ஒரு பெருமூச்சு விட்டான். ஏமாந்தவன் விடும் மூச்சாக அது இல்லை. “அண்ணி, பல் டாக்டர் இருப்பாருல்ல? கொஞ்ச நாளா ஒரே பல்வலி” என்றான். அம்மா லிஃப்டுக்குக் காத்திருக்க, அவன் படி வழியாக ஓடினான். ஆறு மாதமாக அவன் அடிக்கடி பல் காட்ட வருவதும், எல்லாப் பல்லும் சரியாக இருப்பதாக டாக்டர் குழம்புவதும் அக்காவுக்கு அப்போது நினைவுக்கு வந்தன. டோக்கன் பெண்ணின் சந்தோஷமும் கூடவே வந்தது.

எல்லோரும் போன பிறகு சகோதரிகள் இஸ்திரி மேசையின் இரண்டு பக்கத்தில் நின்றார்கள்.

“உனக்காக ஒண்ணும் சொல்லல. என் மானத்துக்காகச் சொன்னேன்,” என்றாள் அக்கா.

“தெரியும்.”

“வேணாம்னு அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”

“நீ எங்க கேட்ட? வாயில சோறு இருக்கறப்ப சொன்ன. தலையாட்டினேன்.”

“அது சம்மதம் இல்லையா?”

“காரம். தண்ணி கேட்டேன்.”

அக்கா சிரிப்பை அடக்க இஸ்திரிப் பெட்டியைத் தேவையில்லாமல் அழுத்தினாள். ஆவி புஸ்ஸென்று கிளம்பியது. பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவளாகக் குரலைத் தாழ்த்தினாள். “அதெல்லாம் சரி. ஊர்ல எல்லாரையும் அண்ணேன்னு கூப்பிடுற. அவரை மட்டும் ஏன் கூப்பிடல?”

எதற்கும் பதில் வைத்திருக்கும் தங்கை, “புதுக் கொக்கியை இன்னும் இழுத்துப் பாக்கல” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். மூலைக் கொக்கியில் முள் ஏறியது, நின்றது, இறங்கவில்லை. பச்சை அட்டை மாட்டினாள். கண்ணாடிக்காரர் கட்டிக்கொண்டு இறங்கி, ஐந்து மாடியின் கண்ணாடிகளையும் துடைத்தார். மேல்மாடி ஜன்னலுக்கு வெளியே அவர் தொங்கியபோது அக்கா முதல்முறையாக அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் பதறிப்போய் அந்த ஒரே கண்ணாடியை மூன்று தடவை துடைத்தார்.

கதை வெளியே தெரியாமல் இருக்குமா? மாடியில் நின்று கேட்ட சிகரெட் பையன்கள் யாரோ, இல்லை வாட்ச்மேனோ, சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு மூன்றாம் மாடிப் பையன்கள் மொட்டை மாடிக்குப் போகும்போதெல்லாம் ஆவிக் குழாயில் வாயை வைத்து, “அக்கா, கட்டியாச்சா?” என்று கூவ ஆரம்பித்தார்கள். இஸ்திரி மேசையில் நின்றவளுக்குக் கூரையிலிருந்து அசரீரி போல அது கேட்கும். பொறுத்துப் பார்த்தாள். பொறுக்க முடியாமல், பேனரில் மிச்சமிருந்த தன் பாதி முகத்தைச் சுருட்டிக் குழாயின் வாயில் திணித்து அடைத்துவிட்டாள். ஜன்னலைத் திறந்துவைத்து ஆவியை வெளியே விட்டாள். அதோடு மேலுலகச் செய்திகள் நின்றுபோயின.

அடுத்த வருடச் சோதனை வந்தது. அதே மூலை, அதே கொக்கி, அதே இரண்டு பேர். முள் ஏறி நின்றதைப் பார்த்துக்கொண்டே தங்கை கேட்டாள். இந்தமுறை கேள்வியின் வால் மட்டும்தான் வித்தியாசம்.

“கட்டிக்கலாமா?”

கண்ணாடிக்காரர் முதலில் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். பெல்ட் சரியாக இருந்தது. பிறகு அவளைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

“தலையாட்டினா கணக்கில்ல.”

“கட்டிக்கலாம்,” என்றார். இழுத்துப் பார்க்காமலே சொன்ன ஒரே தடவை அதுதான்.

குழாயின் மறுமுனையில் அக்கா நின்றுகொண்டுதான் இருந்தாள். ஒரு பாவாடையின் மடிப்பை நேர்ப்படுத்திக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

கொழுந்தனுக்கும் டோக்கன் பெண்ணுக்கும் அந்தக் கோடையில் கல்யாணம் ஆனது. அதற்குப் பிறகு அவனுக்குப் பல்வலி வரவில்லை. மருமகள் தரைத்தளத்திலேயே உலாவுகிறவள் என்பதில் மாமியாருக்கு நிம்மதி. தங்கையும் கண்ணாடிக்காரரும் பதிவு அலுவலகத்தில் கட்டிக்கொண்டு, இதைவிட உயரமான கட்டடங்கள் இருக்கிற ஊருக்கு வேலைக்குப் போனார்கள். போகுமுன் சொல்லிக்கொள்ள வந்தபோதும், வேலை மாற்றம் என்று மட்டும் தங்கை சொன்னாள். முழு விஷயமும் அக்காவுக்கு மருந்துக்கடைக்காரர் மூலமாகத்தான் தெரியவந்தது. அவருக்கு மாமியார் சொன்னாராம். மாமியாருக்கு டோக்கன் மருமகள் சொன்னாளாம். அவளுக்கு யார் சொன்னார்கள் என்று விசாரித்தபோதுதான் வெளிவந்தது, சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் அக்காவின் புருஷன்.

“ஊருக்கே தெரிஞ்சிருக்கு! நீங்க கையெழுத்தே போட்டிருக்கீங்க! என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

புருஷன் ஊசியில் நூலைக் கோத்து முடித்தார். நூலின் நுனியைப் பல்லால் கடித்தார்.

“கல்யாணம் முடிஞ்ச அன்னைக்குச் சாயந்திரம் நீதான் கேட்ட,” என்றார். “எங்கே போயிட்டு வர்றீங்க, மச்சினியைப் பாத்தீங்களா, நல்லா இருக்காளான்னு.”

“அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?”

“உம்.”